கருங்கல் கணவாய்க்குக் கீழே ஓர் ஊற்று

ஹமதான்
மெஹர் மாதம் 3

திரு. நொஸ்ரத் கோல்சீன் அவர்களுக்கு,

பதினாறு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

உங்கள் அஞ்சலட்டை வந்தது. மக்கா போகிறவர்கள் பட்டியலில் உங்கள் பெயர் வந்துவிட்டதாம். நவ்ரூஸ் புத்தாண்டு கழிந்ததும் பயணமாம். அதற்கு முன், பனி விழுந்து மலைப் பாதைகள் அடைபடுவதற்குள், ஊர் ஊராகப் போய்த் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கப் போகிறீர்களாம். "உனக்கு நான் இழைத்ததையெல்லாம் பொறுத்து என்னை ஹலால் செய்துவிடு" என்று இரண்டு வரி. ஷீராஸில் உங்கள் தெருக் காய்கறிக்காரனுக்கும் இதே இரண்டு வரிதான் எழுதியிருப்பீர்கள்.

முதலில் 'நீ' என்று எழுதத் தொடங்கி அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். 'நீ' என்று கூப்பிடும் அளவுக்கு நமக்குள் இப்போது நெருக்கம் இல்லை.

எதைப் பொறுக்க வேண்டும் என்று நீங்கள் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

மூன்று வருஷம், கிடைத்த விடுமுறையில் எல்லாம் உங்கள் ஓட்டை ஜீப்பில் இந்த நாட்டைச் சுற்றினோம். நாயின் என்ற ஊருக்கு வெளியே, சாலையோரம் முலாம்பழம் வெட்டித் தின்றுகொண்டே பங்கு பிரித்தோம். ஊர்கள் உங்களுக்கு, மலைகள் எனக்கு. இஸ்ஃபஹானின் பாலங்களையும் யஸ்தின் காற்றுக் கோபுரங்களையும் நீங்கள் டீ குடித்துக்கொண்டே எழுதினீர்கள். பதினோரு மலைகளை நான் கால் நகம் பெயர நடந்து எழுதினேன். புத்தகம் வந்தது. 'ஊர்களும் மலைகளும்: நடந்து போகிறவர்களுக்கு'. அட்டையில் நொஸ்ரத் கோல்சீன். நான் எங்கே இருந்தேன்? முன்னுரையில் ஒன்பதாவது வரியில். "சில குறிப்புகள் தந்து உதவிய ஒரு நண்பருக்கு நன்றி."

என் அப்பா ஐந்து பிரதிகள் வாங்கிவிட்டார், அட்டையைக்கூடப் பார்க்காமல். சித்தப்பாக்களை விருந்துக்கு அழைத்து, சோறு பரிமாறும் முன் புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டார். பெரிய சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்கடா உன் பேரு?" என்றார். "உள்ளே இருக்கு" என்றேன். "எங்க உள்ளே? காட்டு" என்றார். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். மகன் பொய் சொல்லிவிட்டான் என்று நினைத்தபடியே போனார்.

அதோடு விட்டீர்களா? உங்களுக்குத் தெரியாமல் இரண்டாம் பதிப்பையும் வாங்கிப் பார்த்தேன். பதினோரு மலைகளில் பத்துதான் இருந்தன. நான் எழுதியதில் ஆகச் சிறந்தது கருங்கல் கணவாய். அதை முழுசாக வெட்டி எடுத்துவிட்டீர்கள். பெயரைத் திருடியவர் எழுத்தையாவது விட்டுவைத்திருக்கலாம்.

ஒருவன் மனதில் மனத்தாங்கல் இருக்கும்வரை ஹாஜியின் பயணம் பாதியில் தொங்கும் என்பார்கள். தொங்கட்டும். நான் ஹலால் செய்யப் போவதில்லை.

மனூச்செர் எத்தெமாதி
புவியியல் ஆசிரியர்
(இந்த வரியோடு மூன்று வரியும் சேர்ந்ததுதான் என் கையெழுத்து, ஒன்றையும் விட்டுவிடாதீர்கள்.)


யஸ்த்
மெஹர் 11

மனூச்செர் ஜான்,

வீட்டுக்கு வந்த உன் கடிதத்தை என் மனைவி மஹீன் இங்கே திருப்பி அனுப்பிவைத்தாள். உறை கனமாக இருந்ததால் உள்ளே ஏதோ பத்திரம் என்று பயந்துவிட்டாளாம்.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். எனக்கு நீ இன்றும் 'ஜான்', உயிர் நண்பன். அந்த ஜீப்புக்கு அடியில் படுத்துக்கொண்டு, மூக்கில் எண்ணெய் சொட்ட, என்னைக் கழுதைக்குப் பிறந்தவன் என்று கூப்பிட்டவன் நீ. அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

அப்பாவைப் பற்றி எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அந்த வரியைப் படித்ததும் எழுந்து போய்ச் சந்தில் நின்றேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் வந்து, "ஹாஜி, வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பெயர் விஷயம். அட்டை அச்சுக்குப் போன வாரம் நீ மாணவர்களோடு அல்வந்த் மலையில் இருந்தாய். பதிப்பாளர், "ரெண்டு பேரு போட்டா சுற்றறிக்கை மாதிரி இருக்கும், ஒண்ணு போதும்" என்றார். மறுத்திருக்கலாம். ஒரு வாரம் காத்திருக்கச் சொல்லியிருக்கலாம். மறுக்கவில்லை. என் பெயரை அச்சில் தனியாகப் பார்க்க ஆசைப்பட்டேன். இதற்கு மேல் சொல்ல ஒரு காரணமும் இல்லை. பதினாறு வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஹலால் கேட்டு அலைவது நீ நினைப்பதுபோல் சுலபமான வேலை இல்லை. இங்கே ஒரு செம்புப் பட்டறைக்காரர் இருக்கிறார். முன்பு நமக்கு ஜீப்பின் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கொடுத்தாரே, அவரேதான். போய் நின்றேன். "நீ எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்றார். "தெரியாம ஏதாவது பண்ணியிருப்பேன் உஸ்தா" என்றேன். "அப்படி எல்லாம் மொத்தமா மன்னிக்க முடியாது. போய் ஏதாவது ஒண்ணு பண்ணிட்டு வா, அப்புறம் பாப்போம்" என்று சுத்தியலை எடுத்துவிட்டார். மஹீன் அதற்கும் மேலே. "முப்பது வருஷம் என் சமையலைக் குறை சொன்னீங்களே, அதுக்கு இப்போ கிடையாது. திரும்பி வாங்க. எப்படி வரீங்கன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

சிரிக்க வைக்கத்தான் எழுதுகிறேன். சிரித்தாயா?

மூன்றாம் பதிப்பு கேட்கிறார்கள். அட்டையில் உன் பெயர் முதலில், என் பெயர் அதற்குக் கீழே. பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். இதை ஹலாலுக்கு விலையாகச் சொல்லவில்லை. நீ மன்னிக்காவிட்டாலும் அப்படித்தான் வரும்.

கணவாய் அத்தியாயத்தை எடுத்தது வேறொன்றுமில்லை, பக்கம் கூடிவிட்டது.

அடுத்து இஸ்ஃபஹான். என் மைத்துனர் வீட்டு முகவரியைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

உன்
நொஸ்ரத்


ஹமதான்
மெஹர் 17

திரு. கோல்சீன் அவர்களுக்கு,

நான் சிரிக்கவில்லை.

பக்கம் கூடிவிட்டது என்கிறீர்கள். இரண்டாம் பதிப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன். கடைசியில் ஆறு வெற்றுப் பக்கங்கள். என் அத்தியாயம் ஐந்து பக்கம். அதையும் சேர்த்த பிறகு ஒரு பக்கம் மிச்சம் இருந்திருக்கும். வேண்டுமானால் அதில் என் பெயரை எழுதியிருக்கலாம்.

நீங்கள் பொய் சொல்வதில் என்றுமே கெட்டிக்காரர் இல்லை. காஷானில் அந்தச் சுங்கச்சாவடிக் காவலரிடம் நாம் தேனிலவுக்குப் போவதாகச் சொன்னவர் நீங்கள்.

மற்றதற்கெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். ஆசைப்பட்டேன் என்றீர்கள். உண்மையைச் சொல்லப்போனால் அந்த வரியைப் படித்தபோது என் கோபத்துக்கு உட்கார இடம் இல்லாமல் போனது. அப்படிப்பட்டவர் ஓர் அத்தியாயத்துக்காக ஏன் பொய் சொல்ல வேண்டும்? மக்காவுக்குப் போகிற மனிதர், வெற்றுப் பக்கங்களைப் பற்றி?

அட்டையில் பெயர் பிறகு பார்க்கலாம். கருங்கல் கணவாயை ஏன் எடுத்தீர்கள்? அதற்குப் பதில் வராமல் என்னிடமிருந்து எதுவும் வராது.

மனூச்செர் எத்தெமாதி


செமிரோம்
மெஹர் 26

மனூச்செர் ஜான்,

உன் கடிதம் இஸ்ஃபஹானில் கிடைத்தது. அங்கிருந்தே பதில் போட்டிருக்கலாம். போடவில்லை. முதலில் கருங்கல் கணவாய்க்குக் கீழே தர்ரேபீத் கிராமத்துக்குப் போய்விட்டு வந்தேன். இரண்டு நாளாக இந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அத்தியாயத்தில் ஒரு வரி. எனக்கு மனப்பாடம். "கணவாய்க்கு அரை மணி நடைக்குக் கீழே, இரட்டைப் பாறைக்குப் பின்னால் வற்றாத ஓர் ஊற்று உண்டு; தண்ணீர் சுமக்கத் தேவையில்லை."

புத்தகம் வந்த மறு வருஷம் இதே இலையுதிர் மாதம், இஸ்ஃபஹானிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேர் அந்தக் கணவாயில் ஏறினார்கள். தண்ணீர் சுமக்கவில்லை. பாறைக்குப் பின்னால் ஊற்று இல்லை. பாறை தவறிவிட்டதோ என்று நினைத்து, ஃபராமர்ஸ் என்ற பையன் கீழே பள்ளத்தில் தேடிப் பார்க்க இறங்கினான். கால் வழுக்கியது. இருபது வயது. பையில் புத்தகம் இருந்தது, அந்தப் பக்கம் மடித்து.

நல்லடக்கத்துக்குப் போனேன். ஒருவர் புத்தகத்தை என் நெஞ்சில் எறிந்து, "இது உன்னுதுதானே?" என்றார். அட்டையில் இருந்த பெயர் எது என்று உனக்குத் தெரியும். "என்னுதுதான்" என்றேன். பெயரை வாங்கிக்கொண்டவன், கூட வந்ததை மட்டும் இன்னொருவன் தலையில் கட்ட முடியுமா?

அன்று ராத்திரியே உனக்கு எல்லாவற்றையும் எழுதினேன். உறை திரும்பி வந்தது. மேலே உன் கையெழுத்தில், "பெறுபவர் மறுத்தார்." அப்போது நீ என்னோடு பேசுவதை நிறுத்தி ஒரு வருஷம். இரண்டாவது முறை எழுதத் துணிவில்லை. பிறகு, ஒருவர் சுமந்தால் போதாதா என்று தோன்றிவிட்டது. இரண்டாம் பதிப்பில் அந்த அத்தியாயத்தை எடுத்தேன். அதையும் என்மேல் குற்றமாக எழுதி வைத்திருக்கிறாய். நியாயம்தான்.

பையனின் அம்மா பெயர் ஸல்தனத், நான் மரியாதையாகக் 'கானும்' என்பேன். மகனை அங்கேயே புதைத்ததால் இஸ்ஃபஹான் வீட்டை விட்டுவிட்டு, அந்தக் கிராமத்திலேயே தங்கித் தேனீ வளர்க்கிறாள். வருஷம் ஒருமுறை நான் போவேன். கதவைத் திறப்பாள், டீ வைப்பாள், பேசமாட்டாள். இந்த முறை ஹலால் கேட்டேன். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாகப் பேசினாள்.

"அந்த ஊத்தை உன் கண்ணால பாத்தியா?"

மக்காவுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, எப்படிப் பொய் சொல்வது? "இல்ல கானும்" என்றேன்.

"அப்போ பாத்தது யாரு?"

நான் டீக் கோப்பையை எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு அப்பவே தெரியும். மலையைப் பாத்தவன் மூஞ்சி உனக்குக் கிடையாது. உன் செருப்பைப் பாரு" என்றாள். "நீ பாக்காததுக்கு உன்னை நான் எப்படி மன்னிக்கிறது? பாத்தவன் வரட்டும்."

கிளம்பும்போது ஒரு ஜாடி தேன் கொடுத்தாள். மன்னிப்புக் கிடையாது, தேன் மட்டும்.

நீ கேட்டதால் சொன்னேன். உன்னை வரச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. உன் பெயரை அவளிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

நாளை ஷீராஸ் திரும்புகிறேன்.

நொஸ்ரத்


ஹமதான்
ஆபான் மாதம் 2

நொஸ்ரத்,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் வந்தது கோபம்தான். இதையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்டாயே என்று. பழியைக்கூட. இப்படி ஒரு மனிதனாக நான் ஆகியிருக்கிறேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் மறைக்கவில்லை.

பிறகு பரணில் ஏறிப் பழைய நடைக் குறிப்பேடுகளைத் தேடினேன். கிடைத்தது. கருங்கல் கணவாய், வசந்தத்தின் இரண்டாம் மாதம், 29ஆம் தேதி. ஊற்று கணுக்கால் அளவு பாய்ந்தது என்று எழுதியிருக்கிறேன். மேலே பனி உருகிக்கொண்டிருந்தது என்பதையும், நான்கு வரி தள்ளி, நானேதான் எழுதியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

நாடோடிக் கூட்டம் ஒன்று அங்கே கூடாரம் போட்டிருந்தது நினைவு இருக்கிறதா? நீ கீழே ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. பெரியவர் ஒருவர் எனக்கு மோர் கொடுத்தார். "இந்த ஊத்துல எப்பவும் தண்ணி இருக்குமா?" என்று கேட்டேன். "எங்க பாட்டன் காலத்துலேருந்து நாங்க வந்தப்ப எல்லாம் இருந்திருக்கு" என்றார். குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே நான் "வற்றாதது" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கூட்டம் வசந்தத்தில் ஆடுகளை மேலே ஓட்டும்போது மட்டும்தான் அந்தக் கணவாய் வழியாக வரும். இலையுதிர் காலத்தில் இறங்குவது ஆற்றங்கரை வழியாக, அங்கே மேய்ச்சல் மிச்சம் இருக்கும் என்பதால். இது எனக்குத் தெரியும். இதே புத்தகத்தில், வேறொரு அத்தியாயத்தில், அவர்கள் ஏறும் வழியும் இறங்கும் வழியும் வேறு வேறு என்று நானே விளக்கியிருக்கிறேன். "எந்த மாசம் வருவீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். இருபத்தெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மழை என்று எழுதாதே, எந்த மாத மழை என்று எழுது.

அன்று கால் வலித்தது. மோர் நன்றாக இருந்தது. அது கடைசி மலை. சீக்கிரம் முடித்துவிட்டு இறங்க ஆசைப்பட்டேன். உனக்கு ஓர் ஆசை இருந்ததுபோல.

அவள் வீடு கிராமத்தில் எந்தப் பக்கம் என்று எழுது.

மனூச்செர்


ஷீராஸ்
ஆபான் 8

மனூச்செர் ஜான்,

எழுத மாட்டேன். வேண்டாம். உனக்கு ஐம்பத்துநான்கு வயது, உன் முட்டியை எனக்குத் தெரியும். எந்த நாளும் பனி விழலாம். பள்ளிக்கூடம் நடக்கிற காலம்.

அதோடு, அவளைப் பற்றி நீ ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அவள் அழமாட்டாள், திட்டமாட்டாள். திட்டினால் வாங்கிக்கொண்டு வந்துவிடலாம். சும்மா பார்ப்பாள். நான் வருஷத்துக்கு ஒருமுறை அதை வாங்கிப் பழகியவன். நீ பழகாதவன்.

என் ஹலாலுக்காக நீ போகிறாய் என்றால், அது எனக்கு வேண்டாம். பெயரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூக்கித் தூக்கி நாம் களைத்துப்போய்விட்டோம். மலையில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கு யாரிடம் போய் ஹலால் கேட்பேன்?

மஹீன் சொல்கிறாள், "எழுத மாட்டேன்னு சொன்னீங்கன்னா அவர் கட்டாயம் போவார், உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா?" என்று. அதனால் எழுதுகிறேன்: கடைசி வீடு, நீலக் கதவு, முற்றத்தில் தேன்கூட்டுப் பெட்டிகள். போகாதே.

நொஸ்ரத்


செமிரோம்
ஆபான் 16

நொஸ்ரத் ஜான்,

போய்விட்டு வந்துவிட்டேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முட்டி வீங்கியிருக்கிறது. வேறு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இஸ்ஃபஹானில் இறங்கியபோது உன் பாலங்களைப் பார்க்காமல் போகக் கூடாது என்று ஆற்றங்கரைக்குப் போனேன். ஆறு காய்ந்து கிடந்தது. வளைவுகளுக்கு அடியில் பிள்ளைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். உன் அத்தியாயத்தில் "கோடையின் முடிவில் சில ஆண்டுகள் தண்ணீர் இருக்காது, ஏமாற வேண்டாம்" என்று நீ எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. டீ குடித்துக்கொண்டே எழுதினாய் என்று உன்னைக் கிண்டல் செய்தேன். டீ குடித்துக்கொண்டே யாரிடமோ மாதத்தைக் கேட்டிருக்கிறாய்.

தர்ரேபீத்துக்குப் போகும் சிற்றுந்தின் ஓட்டுநர் என் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, "வாத்தியாரா?" என்றார். எப்படித் தெரியும் என்றேன். "வாத்தியாருங்கதான் இந்த மாசத்துல மலைக்கு வருவாங்க. மத்தவங்களுக்குப் புத்தி இருக்கு" என்றார். வண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ இருந்திருந்தால் அவரோடு சேர்ந்துகொண்டிருப்பாய்.

நீலக் கதவைத் தட்டினேன். திறந்தாள். சின்ன உருவம். முழங்கை வரை புகைக்கரி, தேன்பெட்டிக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தாள்போல.

"அந்த ஊற்றைப் பாத்தவன் நான்தான் கானும். புத்தகத்துல எழுதினதும் நான்தான்" என்றேன். வழியெல்லாம் வேறு நீளமான வாக்கியம் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன். அது வரவில்லை.

நீ சொன்னதுபோலவே பார்த்தாள். என் முகத்தை அல்ல, காலணிகளை.

"பேரு என்ன?"

சொன்னேன்.

"மனூச்செர்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பதினாறு வருஷம் அந்தப் பெயரை ஓர் அட்டையில் பார்க்கத் தவித்தேன் நொஸ்ரத். அது போய்ச் சேரவேண்டிய இடம் அந்த வாசல்தான் என்று தெரியாமல்.

உள்ளே போய் ஒரு செம்புக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். "உட்காரச் சொல்லமாட்டேன். அந்த ஊத்துலேருந்து இதுல தண்ணி மொண்டுகிட்டு வா. அப்புறம் பேசலாம்."

"கானும், இந்த மாசத்துல அங்கே..."

"எனக்குத் தெரியும். நீ போய்ப் பாரு."

அன்று மசூதியில் படுத்துக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் ஏறினேன். பனி இல்லை, காற்றுதான். பாதை மாறவில்லை. என் வர்ணனை சரியாகவே இருந்தது. மூன்றாவது வளைவில் சாய்ந்த மரம், அதற்குப் பிறகு சரளை மேடு, பிறகு இரட்டைப் பாறை. ஒவ்வொன்றும் நான் எழுதிய இடத்தில், எழுதியபடியே. நம்பாமல் இருக்க முடியாத எழுத்து. அதுதான் கொடுமை. கடைசி வரி வரைக்கும் நம்பவைத்திருக்கிறேன்.

பாறைக்குப் பின்னால் போனேன். காய்ந்த பாசி, பழைய டீத்தூள் மாதிரி கறுத்து உதிர்ந்தது. ஆட்டுப் புழுக்கை. கல்லுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். ஈரம்கூட இல்லை. தண்ணீர் இல்லை என்று தெரிந்தே போனவன் நான். ஆனாலும் தேடினேன். கிண்ணத்தை வைத்துக்கொண்டு பாறையை மூன்று முறை சுற்றினேன். தொண்டை வறண்டிருந்தது. குடுவையில் தண்ணீர் இருந்தது, நான் குடிக்கவில்லை.

அங்கே நின்று கீழே பார்த்தால் பள்ளம் தெரிகிறது நொஸ்ரத். அடியில் ஒரு பச்சைப் புதர். சுற்றிலும் எல்லாம் காய்ந்து பழுப்பாக இருக்கும்போது அது மட்டும் பச்சை. தண்ணீர் அங்கேதான் என்று தோன்றுகிறது. யாருக்கும் தோன்றும். நானாக இருந்தாலும் அங்கேதான் இறங்கியிருப்பேன். அந்தப் பையன் தப்பு ஒன்றும் செய்யவில்லை. என் புத்தகத்தையும் நம்பினான், தன் கண்ணையும் நம்பினான்.

நான் இறங்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அவள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"தேடினியா?"

"தேடினேன் கானும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"அவன் ரெண்டு மணி நேரம் தேடினானாம். கூடப் போன பசங்க சொன்னாங்க."

ஊன்றுகோலில் சாய்ந்து நின்றேன். அவள் எழுந்து போய், அதே கிண்ணத்தில் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். "குடி. உதடு வெடிச்சிருக்கு." குடித்தேன். குடிக்கும்போது அழுதுவிட்டேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள், என் மானத்தைக் காப்பாற்ற.

பிறகு சொன்னாள், "ஷீராஸ்காரனைப் போகச் சொல்லு. அவனுக்கு ஹலால். பாக்காத ஊத்துக்குப் பதினஞ்சு வருஷம் வந்து போனானே, அது போதும். மக்காவுல என் பையனுக்கு ரெண்டு ரக்அத் தொழச் சொல்லு."

"எனக்கு கானும்?"

அவள் கிண்ணத்தை வாங்கித் துடைத்தாள். "உன்னை இன்னிக்குத்தானே பாக்கறேன். அதுக்குள்ள எப்படி? அடுத்த வருஷம் வா. அப்பவும் மனசு வரலேன்னா அதுக்கடுத்த வருஷம் வா." நான் கொஞ்ச தூரம் நடந்த பிறகு கூப்பிட்டாள். "வரும்போது வேற கால்சட்டை போட்டுட்டு வா, இதுல குளிர் ஏறும். கீழே போய்ச் சேர்ந்ததும் டிரைவர்கிட்டச் சேதி சொல்லி அனுப்பு."

ஓட்டுநரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

நான் அவளுக்குப் பதிலாக ஏதும் சொல்ல முடியாது. எனக்காகச் சொல்கிறேன்: உன்னை ஹலால் செய்தேன். அட்டைக்கும், ஒன்பதாவது வரிக்கும், அப்பாவின் விருந்துக்கும். ஒரு மன்னிப்பு கையில் வருவதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று இப்போது தெரிகிறது. என்னிடம் இருந்ததைப் பதினாறு வருஷம் பூட்டி வைத்திருந்தேன். திறக்காமல் அந்த உறையைத் திருப்பி அனுப்பியதற்கு நீ என்னை ஹலால் செய்ய வேண்டும். உடனே வேண்டாம். அவசரமில்லை.

மூன்றாம் பதிப்பில் அத்தியாயத்தைத் திரும்பச் சேர். அந்த வரியை மட்டும் இப்படி மாற்று: "இரட்டைப் பாறைக்குப் பின்னால் ஓர் ஊற்று உண்டு; பனி உருகும் வசந்த மாதங்களில் மட்டும். இலையுதிர் காலத்தில் வறண்டிருக்கும், தண்ணீர் சுமந்து போகவும். பள்ளத்தில் பச்சையாகத் தெரிவது புதர், இறங்க வேண்டாம்." அட்டையில் என் பெயர் வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை.

டீக்கடைக்காரர் உறையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, அனுப்பறவர் பேரு போடலையே, காணாமப் போனா யாருக்குத் திரும்பி வரும்?" என்கிறார். முதல் கடிதத்தில் மூன்று வரிக் கையெழுத்துப் போட்டுப் பீற்றிக்கொண்டது ஞாபகம் வருகிறது. 'ஒரு நண்பர்' என்று போடலாமா என்றுகூட யோசித்தேன். நீ அன்று அச்சடித்தது எனக்கு இழிவாக இருந்தது. இன்று பார்த்தால் கொஞ்சம் பெரிய பட்டமாகத் தெரிகிறது. என் பெயரைச் சொல்லவேண்டிய ஒருத்தியிடம் சொல்லிவிட்டேன், அடுத்த வருஷமும் சொல்வேன். உனக்கு என் எழுத்து போதும். உறையை ஒட்டிவிட்டு, கையெழுத்துப் போடாமலே எதிரே இருக்கும் தபால் பெட்டியில் போடப் போகிறேன்.